கையடக்கக் காமிராவும் நம் கடமையும்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. செயலாளர் விரும்பியவண்ணம் ஆண்டு மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கற்றறிந்த பெருமக்கள். திருக்குறளின் பெருமையை ஒருவர் எடுத்துரைத்தார். சிலப்பதிகாரத்தின் சுவையை மற்றொருவர் அள்ளி ஊட்டினார். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். பணியாளர்களின் சேவைப் பதிவேடுகளுக்கிடையே பகற்பொழுதைக் கழிக்கும் ஒரு ரயில்வே குமாஸ்தா. "எனக்குப் பேச என்ன தெரியும்?" என்று செயலாளரைக் கேட்டேன். "தெரிந்ததை மட்டும் பேசுங்கள், அதுவே போதும்" என்றார் அவர். அவ்வாறு எனக்குத் தெரிந்தது யாது என்று எண்ணிப் பார்த்தேன். கையடக்கமான டிஜிட்டல் காமிரா ஒன்றை ஒழுங்காகக் கையாளக் கற்றிருக்கிறேன். அதையும் காலம் தாழ்த்தியே கற்றேன். அத்தாமதத்திற்கு நான் கொடுத்த விலை பெரிது. அவ்விலையை நீங்களும் கொடுக்க வேண்டா என்பதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

2011-ஆம் ஆண்டில் என் தம்பி எனக்கு ஒரு சிறு காமிரா வாங்கிக் கொடுத்தான். சட்டைப் பையில் அடங்கிவிடும் அளவினது. அதன் தலையில் ஒரு வட்டத் திருகு உண்டு. அத்திருகைச் சுற்றிச் சில எழுத்துகளும் சிறு சித்திரங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் பச்சை நிறக் குறி. "அண்ணா, இதைப் பச்சையில் வைத்துப் பொத்தானை அழுத்து. மற்றதையெல்லாம் காமிராவே பார்த்துக்கொள்ளும்" என்றான். ரயில்வேக்காரனுக்குப் பச்சையைக் கண்டால் ஐயம் தோன்றுமா? எட்டு ஆண்டுகள் பச்சையிலேயே ஓட்டினேன். அத்திருகை ஒருநாளும் திருப்பியதில்லை.

2019-ஆம் ஆண்டுப் பொங்கல் வந்தது. என் தந்தையார் அப்போது எங்களோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். நெல்லைச் சீமையில் பிறந்து, இளமையிலேயே இவ்வூர்த் தொழிற்பட்டறைக்கு வேலைக்கு வந்து, 2001-இல் ஓய்வு பெற்றவர் அவர். அன்று காலை பனிமூட்டம் விலகி வெயில் ஏறிய பிறகு, புது வேட்டி உடுத்து, கிழக்குச் சன்னலை ஒட்டி நாற்காலியில் அமர்ந்திருந்தார். என் மகள் ஏதோ சொன்னாள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

"முகம் விழுந்திருக்கா ஐயா?" என்று அப்பா கேட்டார்.

சிறு திரையில் பார்த்தேன். சன்னல் பளிச்சென்று தெரிந்தது. வேட்டியின் விளிம்பு தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருள் இருந்தது. "விழுந்திருக்குப்பா" என்று சொல்லிவிட்டேன். அடுப்பில் பானை பொங்கும் நேரம், எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். எடுக்கவில்லை. அவ்வாண்டு ஆடி மாதத்தில் அப்பா மறைந்தார்.

இன்று எங்கள் வீட்டில் மாலையிட்டு வைத்திருக்கும் படம், ஓய்வூதியப் படிவத்துக்காக அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட 2001-ஆம் ஆண்டுப் படம். அதில் பாதியை வெட்டிப் பெரிதாக்கினோம். அப்பாவின் தோளருகே அம்மாவின் சேலைத் தலைப்பு இன்னும் சிறிது தெரிகிறது. 78 வயதில் மறைந்தவருக்கு அப்படத்தில் 60 வயது முகம். அம்முகத்தில் சிரிப்பும் இல்லை. அலுவலகப் படிவத்துக்கு எடுத்த படத்தில் யார்தான் சிரிப்பார்கள்?

நண்பர்களே, இக்குறை காமிராவினுடையது அன்று, என்னுடையது. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாலே போதும். அல்லது, இன்று நான் சொல்லப்போகும் ஒரு சிறு பொத்தானை மும்முறை அழுத்தியிருந்தால் போதும். அதை அறியாமல் எட்டு ஆண்டுகள் அக்காமிராவைக் கையில் வைத்திருந்தேன்.

"கைப்பேசி இருக்கும் இக்காலத்தில் காமிராவைப் பற்றிப் பேசுவானேன்?" என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். உண்மைதான். 2010-இல் உலகெங்கும் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் கடைகளுக்குச் சென்றன; பத்தே ஆண்டுகளில் அத்தொகை ஒரு கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆயினும் நம் காலனியில் எத்தனை வீட்டு அலமாரிகளில் அக்காலக் காமிரா உறங்கிக்கொண்டிருக்கிறது! அண்மைக் காலத்தில் இளைஞர்களே அவற்றை மீண்டும் தேடி எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மேலும், ஒளியின் விதி ஒன்றே. காமிராவில் கற்றதெல்லாம் கைப்பேசிக்கும் உதவும். ஆதலால் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

முதலில், நான் எவ்வாறு கற்றேன் என்பதைச் சொல்கிறேன். காமிராவுடன் வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதை வாசித்துப் பொருள் சொன்னாள். நான் குமாஸ்தாவுக்குரிய முறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்தேன்: தேதி, இடம், வெளிச்சம், துளை, நேரம், ஐ.எஸ்.ஓ., முடிவு. நாள்தோறும் மாலையில் ஒரு பித்தளைச் செம்பைச் சன்னலருகே வைத்து, ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் படம் எடுத்து, விளைவைக் குறித்தேன். இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்று தெரியாது. அந்நோட்டில் நாற்பது நாள் பதிவு இருக்கிறது. "வீட்டு மனிதரைக்கூட இத்தனை படம் எடுத்ததில்லை, செம்புக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!" என்று என் மனைவியார் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. நான் சிரித்துக்கொண்டே தலை குனிந்தேன்.

இனிச் செய்திக்கு வருவோம். காமிராவுக்கு வேண்டியது ஒளி. அதை அளந்து உள்ளே விடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. நம் காலனிக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அகலத் திறந்தால் நீர் விரைந்து விழும். சிறிதே திறந்தால் மெல்ல விழும். அகலத் திறப்பதே லென்ஸின் துளை. எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டரின் நேரம். மூன்றாவது, நாம் கீழே வைக்கும் பாத்திரத்தின் அளவு; அதுவே ஐ.எஸ்.ஓ. என்னும் எண். ஐ.எஸ்.ஓ. 100 என்பது பெரிய குடம். நிறைவதற்கு நிறைய ஒளி வேண்டும். 1600 என்பது சிறு செம்பு, விரைவில் நிறைந்துவிடும். ஆனால் செம்பில் இருப்பது செம்பளவு நீரே அன்றோ? அதனால்தான் ஐ.எஸ்.ஓ. எண் உயர உயரப் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றுகின்றன.

இம்மூன்றுக்கும் படிகள் உண்டு. துளையின் எண்கள் 2.8, 4, 5.6, 8 என ஏறும். எண் ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகும். இங்கு எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்பதை மறவாதீர்கள். தொடக்கத்தில் எல்லாரும் இடறி விழும் இடம் இதுவே. ஷட்டரின் நேரம் 1/30, 1/60, 1/125, 1/250 நொடி எனச் செல்லும். இங்கும் படிக்குப் பாதி. ஐ.எஸ்.ஓ. 100, 200, 400, 800, 1600 எனச் செல்லும். இங்கு ஒளியின் தேவை படிக்குப் பாதியாகக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் நம் பிள்ளைகள் கோலாட்டம் ஆடுகிறார்கள். துளை 2.8, நேரம் 1/60, ஐ.எஸ்.ஓ. 400 என வைத்தால் வெளிச்சம் சரியாக இருக்கிறது என்று கொள்வோம். ஆனால் கோலும் கையும் கலங்கித் தெரிகின்றன. ஆட்டத்தின் வேகத்திற்கு 1/60 நொடி நீண்ட நேரம். 1/250 ஆக்கினால் கலக்கம் தீரும். ஆயின் இரண்டு படி இறங்கியதால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே ஐ.எஸ்.ஓ.வை 400-இலிருந்து 1600-க்கு, இரண்டு படி ஏற்ற வேண்டும். வரவும் செலவும் நேர்படும். கணக்கு இவ்வளவே. சிறிது புள்ளி விழுந்தாலும் பிள்ளையின் முகம் தெளிவாக இருக்கும். புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். கலங்கிய முகத்தைக் காண இயலாது.

சிறு காமிராவில் புள்ளி ஏன் மிகுதி என்று கேட்கலாம். முன்னாளில் ஃபிலிம் ஒன்றின் அளவு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். நம் கையடக்கக் காமிராக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கும் ஒளியுணரும் தகடு ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. அச்சிறு தகட்டில் ஒரு கோடி புள்ளிகளை நெருக்கி வைத்திருக்கிறார்கள். 1975-இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தபோது அதில் இருந்தவை 10,000 புள்ளிகளே. அதன் எடை சுமார் 3.6 கிலோ. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 நொடிகள் பிடித்தன. அங்கிருந்து சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்த கருவி இது. அதன் எல்லையை அறிந்து நடத்தினால் அது நமக்கு நன்றாக உழைக்கும்.

இப்போது முதன்மையான செய்தியைச் சொல்கிறேன். நான் கூறியவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்பினால் இதை வையுங்கள். பச்சைக் குறியில் வைத்தால் காமிரா தானாகவே ஒளியை அளக்கிறது என்றேன். எவ்வாறு அளக்கிறது? எதிரே இருப்பது வேட்டியா, கரும்பலகையா, மனித முகமா என்பதை அதன் ஒளிமானி முழுதும் அறியாது. எதிரே இருப்பது எதுவாயினும் அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறத்தையே ஒளிப்படக் கலையில் நெடுங்காலமாக அளவுகோலாகக் கொண்டிருக்கிறார்கள். எல்லா மனுக்களுக்கும் ஒரே பதிலை எழுதும் குமாஸ்தாவைப் போன்றது அது!

இதன் விளைவு யாது? வெள்ளை வேட்டிகளும் வெள்ளைச் சுவரும் நிறைந்த காட்சியைக் கண்டால், "இவ்வளவு வெளிச்சம் கூடாது" என்று காமிரா ஒளியைக் குறைக்கிறது. வேட்டி அழுக்கேறியதுபோல் ஆகிறது; நம் மாநிற முகங்கள் இருண்டு போகின்றன. பின்னால் வெயிலேறிய சன்னல் இருந்தாலோ கேட்க வேண்டியதே இல்லை. என் தந்தையார் படத்திற்கு நேர்ந்தது அதுவே. இதற்கு மாறாக, மேடையில் கறுப்புத் திரைக்கு முன் ஒரு சிறுமி தனியே நின்று ஆடினால், "இருட்டாயிற்றே" என்று காமிரா ஒளியைக் கூட்டுகிறது. சிறுமியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது.

இதற்கு மருந்து, கூட்டலும் கழித்தலும் ஒன்றாக வரைந்த சிறு பொத்தான். பெரும்பாலான காமிராக்களில் பச்சைக் குறியில் இது இயங்காது. திருகைப் 'பி' என்னும் எழுத்துக்குத் திருப்ப வேண்டும். அங்கும் காமிரா தானே அளக்கும். ஆனால் நம் சொல்லையும் கேட்கும். ஒருமுறை அழுத்தினால் மூன்றில் ஒரு படி. மும்முறை அழுத்தினால் ஒரு முழுப் படி. நான் என் நோட்டின் அட்டையில் இவ்வாறு எழுதி வைத்திருக்கிறேன்: வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் கழி. கேட்பதற்கு இது தலைகீழாகத் தோன்றும். வெளிச்சமான இடத்தில் மேலும் ஒளியைக் கூட்டுவதா என்று மனம் தயங்கும். காமிரா முன்னமே தவறாகக் குறைத்துவிட்டது. நாம் அதைத் திருத்துகிறோம் என்று எண்ணிக்கொண்டால் தயக்கம் தீரும். வெள்ளைச் சுவருக்கு முன் கூட்டல் ஒன்று. சன்னலுக்கு முன் கூட்டல் இரண்டுவரை. கருந்திரைக்கு முன் கழித்தல் ஒன்று. எடுத்த படத்தைத் திரையில் பாருங்கள். சன்னல் எரிந்தாற்போல் வெளுத்தால் வெளுக்கட்டும். முகம் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். கைப்பேசி வைத்திருப்போரே, பல கைப்பேசிகளில் முகத்தின்மேல் விரல் வைத்தால் சூரியனைப் போன்ற சிறு குறி தோன்றும். அதை மேலே தள்ளுவதும் இக்கூட்டலே.

இனிப் பிளாஷ் விளக்கைப் பற்றி ஒரு சொல். நம் ஆண்டு விழாக்களில் பத்தாம் வரிசையிலிருந்து பளிச்சு பளிச்சென்று மின்னுவதைக் காண்கிறோம். அவ்விளக்கின் ஆற்றல் பொதுவாக மூன்று நான்கு மீட்டரோடு முடிந்துவிடும். தொலைவு இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆகவே பத்தாம் வரிசைப் பிளாஷ் ஒளிர்விப்பது ஒன்பதாம் வரிசையினரின் பின்தலைகளையே! மேடை நிகழ்ச்சியில் அதை அணைத்துவிடுங்கள். பிளாஷ் உதவும் இடம் வேறு. நண்பகல் வெயிலில் நிழல் விழுந்த முகத்துக்கும், சன்னலுக்கு முன் அமர்ந்தவருக்கும், இரண்டு மீட்டர் தொலைவில் நின்று எடுக்கும்போது அது பெருந்துணை. இருட்டுக்குத்தான் பிளாஷ் என்றிருந்த நான், வெயிலுக்கும் பிளாஷ் உண்டு என்று அறிந்தபோது வியந்தேன்.

பெரிதாக்கும் நெம்பைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பெரிதாக்கப் பெரிதாக்கச் சிறு காமிராக்களில் துளை சுருங்குகிறது. அகலக் காட்சியில் 2.8 ஆக இருந்தது, முற்றும் இழுத்தபின் 5.6-க்கு மேலும் போய்விடலாம். அதாவது ஒளி நான்கில் ஒரு பங்கு. கை நடுக்கமும் பெரிதாகித் தெரியும். லென்ஸின் எல்லை முடிந்தபின் 'டிஜிட்டல்' முறையில் மேலும் பெரிதாவது வெறும் கண்ணாமூச்சி. இருக்கும் படத்தை வெட்டி ஊதுகிறது, அவ்வளவே. உருவம் பெரிதாக வேண்டுமானால் கால்களால் நடந்து அருகே செல்லுங்கள். அதற்கு மின்கலம் செலவாகாது.

பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்துவதும் நம்மிடையே உள்ள பிழை. முதலில் பாதி அழுத்துங்கள். காமிரா தூரத்தைக் கணித்து ஒரு பச்சைச் சதுரம் காட்டும். அது முகத்தின்மேல் நிற்கிறதா என்று பார்த்து மீதியை அழுத்துங்கள். கொடி அசைந்தபிறகே வண்டி புறப்பட வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டு பல்பின் ஒளி மஞ்சள், வெயில் வெண்மை, நிழல் சற்று நீலம். அறிவியலார் இதைக் கெல்வின் எண்ணால் அளக்கிறார்கள். குண்டு பல்பு சுமார் 2,700. நண்பகல் வெயில் சுமார் 5,500. நிழல் 7,000-க்கும் மேல். இவற்றுக்கேற்ப நிறத்தைச் சமன் செய்ய, பல்பு, குழல்விளக்கு, சூரியன், மேகம் எனச் சிறு சித்திரங்கள் காமிராவில் இருக்கின்றன. மண்டபத்தில் முகங்கள் மஞ்சள் பூசியதுபோல் வந்தால் பல்புச் சித்திரத்துக்கு மாற்றுங்கள். ஆனால் கார்த்திகை விளக்குகளை எடுக்கும்போது சூரியச் சித்திரத்தில் வையுங்கள். தானியங்கியாக விட்டால், காமிரா அந்தப் பொன்னொளியைக் குறை என்று கருதித் திருத்த முயலும். வாசலில் அகல் வரிசையின் அழகே அப்பொன்னிறம் அன்றோ!

இவை யாவற்றினும் எளியதும், நாம் யாவரும் மறப்பதும் ஒன்று உண்டு, அது தேதி. மின்கலம் வற்றிக் காமிரா நெடுநாள் கிடந்தால் அதன் கடிகாரம் நின்று, தொடக்க நாளுக்கே திரும்பிவிடும். என் காமிராவில் ஆண்டுக்கணக்காக எடுத்த படங்களில் பாதிக்குமேல் ஒரே ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் எடுத்தவைபோல் பதிவாகியிருந்தன. அப்பாவுடன் பூரி கடற்கரையில் எடுத்த படம் எந்த ஆண்டினது என்று அம்மாவுக்கும் தம்பிக்கும் இன்றும் வழக்கு. சேவைப் பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழையால் பிறந்த தேதி மாறிப்போய் அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறர் தேதிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கும் நான், என் வீட்டுத் தேதியைக் கவனியாது விட்டேன். மின்கலம் மாற்றும்போதெல்லாம் தேதியைப் பாருங்கள். அரை நிமிட வேலை. படத்தோடு அத்தேதியும் ஒட்டிக்கொண்டு தலைமுறைக்கும் நிற்கும்.

எடுத்த படங்களை அட்டையிலேயே விட்டுவைத்தலும் தவறு. சுண்டுவிரல் அளவான அட்டை தொலையும், பழுதாகும். மாதம் ஒருமுறை கணினியில் ஒரு படியும், தனித்த வட்டில் ஒரு படியும் எடுத்து வையுங்கள். நல்ல படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுப் பின்புறத்தில் பெயர்களை எழுதுங்கள். இன்று எல்லாரையும் நமக்குத் தெரியும். முப்பது ஆண்டுகட்குப் பின் பார்ப்பவர்க்கு யார் சொல்வார்?

அன்பர்களே, இவற்றை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நாம் காலனிவாசிகள். நம் வீடு நம்முடையது அன்று. மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு குடும்பம் போகும்; ஓய்வு பெற்றால் மற்றொரு குடும்பம் போகும். சொந்த ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே திண்ணையில் அமர்ந்தவர்கட்கு அத்திண்ணையே சாட்சி. நமக்குச் சாட்சி யாது? அடுத்து வருபவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். நாம் நட்ட முருங்கையின் காயை வேறொருவர் பறிப்பார். இந்தச் செம்மண் பூமியில் நாற்பது ஆண்டு பொங்கல் வைத்தோம் என்பதற்கு, ஒழுங்காக எடுத்த நான்கு படங்களைத் தவிர வேறு என்ன எஞ்சும்?

ஆதலால் சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வோராண்டும் நம்மில் ஓய்வு பெற்றுச் செல்லும் குடும்பத்தை, அவர்கள் குடியிருந்த வாசலிலேயே நிறுத்தி ஒரு படம் எடுப்போம். காலை வெளிச்சம் முகத்தில் விழும்படி நிறுத்துவோம். தேதியும் பெயரும் எழுதி, ஒரு படியை அவர்களிடமும் ஒரு படியைச் சங்கத்திலும் வைப்போம். இதற்குப் பெரிய கருவி வேண்டா. அலமாரியில் உறங்கும் சிறு காமிராவே போதும். மாணவர் நால்வர் முன்வந்தால், என் நோட்டுப் புத்தகத்துடன் நானும், பித்தளைச் செம்பும் ஆயத்தமாக இருக்கிறோம். இன்னொன்று: படம் எடுப்பவரும் அக்குடும்பத்தின் நண்பரே. காமிராவை மேசைமேல் வைத்துப் பத்து நொடிக் கடிகாரத்தைத் திருப்பிவிட்டு, அவரும் ஓடிவந்து ஓரத்தில் நிற்கட்டும். எங்கள் வீட்டு எட்டு ஆண்டுப் படங்களில் நான் எங்குமே இல்லை.

முடிவாக ஒன்று. சென்ற பொங்கலன்று அம்மாவை அதே சன்னலருகே அமர்த்தினேன். இம்முறை நாற்காலியைச் சன்னலை நோக்கித் திருப்பிப் போட்டேன். திருகைப் 'பி'யில் வைத்தேன். வெள்ளைச் சுவரைக் கருதி ஒரு படி கூட்டினேன். பாதி அழுத்திப் பார்த்து, பிறகு முழுதும் அழுத்தினேன்.

"முகம் விழுந்திருக்காய்யா?" என்று அம்மாவும் கேட்டார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. காமிராவை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அப்பாவை இப்படி ஒண்ணு எடுத்திருக்கலாம்" என்றார்கள்.

உங்கள் வீட்டில் அச்சொல் எழாதிருக்கட்டும்.